டோனெபெசில் யாருக்குப் பலன் தரும்? தொடங்கும் முன் எடுக்கும் எம்ஆர்ஐ சொல்லுமா?

நினைவு_ஆய்வு:

வணக்கம். லேசான, மிதமான நிலை அல்சைமர் உள்ள, 60 வயது தாண்டியவர்களுக்கு டோனெபெசில் (நினைவுக் குறைவுக்குக் கொடுக்கும் மாத்திரை) தொடங்கும் முன் ஒரு எம்ஆர்ஐ எடுத்து, ஆறு மாதம் கழித்து யாருக்குப் பலன் கிடைத்தது என்று பார்க்கும் ஆய்வு ஒன்றுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே மையம், ஒரே 3 டெஸ்லா ஸ்கேனர், 60 பேர். எல்லோருக்கும் மருந்து உண்டு. பிளாசிபோ (மருந்தில்லாப் போலி மாத்திரை) கிடையாது.

அடிப்படை யோசனை இதுதான். டோனெபெசில், நினைவுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. மூளைப் புறணிக்கு அசிட்டைல்கோலின் வருவது பெரும்பாலும் பேசல் ஃபோர்பிரெய்னில் (முன்மூளையின் அடிப்பகுதி) இருக்கும் மைனெர்ட் நியூக்ளியஸிலிருந்து. ஆகவே அந்த இடத்தின் கன அளவு மருந்தின் பலனோடு சேர்ந்து போக வேண்டும். எந்தத் திசையில் என்பதில்தான் குழப்பம். செல்கள் மிச்சம் இருந்தால்தான் மருந்து பிடிக்கும் என்று ஒரு வாதம். அசிட்டைல்கோலின் குறைந்துபோனவருக்குத்தான் ஈடுகட்ட ஏதாவது இருக்கும் என்று எதிர்வாதம். 2003-இல் வந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று, இந்தப் பகுதி மெலிந்தவர்களிடம்தான் டோனெபெசில் நன்றாக வேலை செய்தது என்றது. 2005-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, ஹிப்போகாம்பஸ் (நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதி) உள்ளொடுங்கியவர்களிடம் பலன் குறைவு என்றது.

ஏடாஸ்-காக் என்ற நினைவு, மொழிச் சோதனை அளவில் 4 புள்ளி முன்னேறினால் 'பலன் பெற்றவர்' என்று வைத்துக்கொள்ளலாமா? மைனெர்ட் பகுதியை அளக்க எது நம்பகமான வழி? டாஸ்க் எஃப்எம்ஆர்ஐ (ஒரு வேலை செய்யும்போது மூளையின் செயல்பாட்டைப் பார்க்கும் ஸ்கேன்) சேர்த்தால் கூடுதல் பிடி கிடைக்குமா? 60 பேர் போதுமா?


எண்ணும்_எழுத்தும்:

ஸ்கேனைப் பற்றிப் பேசும் முன் திட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டையைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிட்டால், படம் சொல்வது மருந்தின் பலனையா, நோயின் போக்கையா என்று பிரிக்கவே முடியாது.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏடாஸ்-காக் 70 புள்ளி அளவுகோல், கூடினால் மோசம். முதலாமவருக்கு ஹிப்போகாம்பஸ் நன்றாகச் சுருங்கியிருக்கிறது. மருந்து இல்லாமல் விட்டிருந்தால் ஆறு மாதத்தில் 5 புள்ளி கூடியிருக்கும், மருந்தோடு 2 கூடுகிறது. இரண்டாமவருக்குச் சுருக்கம் குறைவு. மருந்து இல்லாவிட்டால் 1 கூடும், மருந்தோடு அப்படியே நிற்கிறார். மருந்து முதலாமவருக்கு 3 புள்ளி காப்பாற்றிக் கொடுத்தது, இரண்டாமவருக்கு 1 மட்டுமே. உங்கள் ஆய்வில் தெரியப்போவது நேர்மாறாக: முதலாமவர் 'மருந்து பிடிக்காதவர்', இரண்டாமவர் 'பிடித்தவர்'. ஹிப்போகாம்பஸ் சுருங்கினால் மருந்து பிடிக்காது என்று எழுதிவிடுவீர்கள். மெதுவாக நகரும் நோயை எம்ஆர்ஐ கண்டுபிடித்திருக்கும், அவ்வளவுதான். மருந்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லியிருக்காது. ஒன்றுக்கொன்று முரணாக முடிவுகள் வந்து குவிந்ததற்கு இது முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

அடுத்து அந்த 4 புள்ளி. 1998-இல் வெளிவந்த, 473 பேர் கொண்ட 24 வார டோனெபெசில் ஆய்வில் பிளாசிபோவோடு ஒப்பிட்ட சராசரி வித்தியாசம் 5 மில்லிகிராமில் 2.49 புள்ளி, 10 மில்லிகிராமில் 2.88 புள்ளி. அதே ஆய்வில் வெறும் பிளாசிபோ எடுத்தவர்களிலும் ஏறக்குறைய கால்பங்குப் பேர் 4 புள்ளி முன்னேற்றம் காட்டினார்கள். அன்றைக்குத் தூக்கம் சரியில்லாமல் முதல் தேர்வில் சறுக்கியவர் அடுத்த முறை தானாகவே சராசரிக்குத் திரும்புவார். அதே சொற்பட்டியலை இரண்டாம் முறை கேட்டால் பழக்கமும் சேரும். இப்படி வந்த 4 புள்ளியை மூளைப் படத்தோடு பொருத்தினால் இரைச்சலை இரைச்சலோடு பொருத்தியதாகும். 'பிடித்தவர், பிடிக்காதவர்' என்று ஆளை இரண்டாக வெட்டாதீர்கள். மதிப்பெண்ணைத் தொடர் எண்ணாகவே வைத்து, ஆரம்ப மதிப்பெண்ணைச் சரிக்கட்டி, 'மருந்து × படக்குறி' என்ற ஊடாட்ட உறுப்பைப் பாருங்கள், அதாவது படக்குறியைப் (ஸ்கேன் தரும் அளவு) பொறுத்து மருந்தின் பலன் மாறுகிறதா என்று. அதற்கு மருந்து இல்லாத ஒரு குழு வேண்டும்.

நெறிமுறைக் குழு ஆறு மாத பிளாசிபோவை ஒப்புக்கொள்ளாது. தாமதத் தொடக்கம் எடுபடலாம்: பாதிப் பேருக்கு உடனே மருந்து, மீதிப் பேருக்கு 12 வாரம் பிளாசிபோ, பிறகு எல்லோருக்கும் மருந்து. 5 மில்லிகிராம் 4 முதல் 6 வாரம் கொடுத்து 10-க்கு ஏற்றினால், 12-ஆம் வாரத்தில் முழு அளவில் குறைந்தது 6 வாரம் ஆகியிருக்கும். 5-க்கும் 10-க்கும் இடையே குலுக்கல் போடலாமா என்று யோசிக்காதீர்கள். மேலே உள்ள இரண்டு எண்களையும் கழித்துப் பாருங்கள், அரைப் புள்ளிகூடத் தேறாது.

எண்ணிக்கை விஷயத்தில் கணக்கு உதைக்கிறது. மாற்றத்தின் திட்ட விலக்கம் 6 புள்ளி என்று வைத்தால், 2.5 புள்ளி வித்தியாசத்தை 80% திறனோடு (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) பிடிக்கவே குழுவுக்கு 90 பேர், மொத்தம் 180. அதே 2.5 புள்ளி, படக்குறி அதிகமானவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் இடையே இருக்கிறதா என்று பார்க்க நான்கு மடங்கு: 720 பேர். 60 பேரை வைத்து 'முன்கணிப்பு' என்ற சொல்லைத் தலைப்பில் போடக்கூடாது.


ஸ்கேன்_மேஜை:

எண்ணிக்கை பத்தி மேல சொல்லிட்டாங்க. நான் மெஷின் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா இதுல பாதி ஆய்வு கெட்டுப்போறது மேஜை மேலதான்.

டி1 முப்பரிமாண எம்பிரேஜ் (மூளையோட அமைப்பைக் காட்டுற எம்ஆர்ஐ படம்), 1 மி.மீ. கனசதுரம், சஜிட்டல். 5, 6 நிமிஷம் ஆகும். இதை முதல்ல எடுங்க. வயசானவங்க முதல் பத்து நிமிஷம் அமைதியா இருப்பாங்க, அப்புறம் முதுகு வலிக்கும், கால் அசையும். ஃப்ளேரும் (புண்களைக் காட்டுற படம்) எஸ்டபிள்யூஐ-யும் (ரத்தக்கசிவைக் காட்டுற படம்) பிறகு எடுத்துக்கலாம். முழங்காலுக்கு அடியில திண்டு, தலைக்கு ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்ச். உள்ளே போறதுக்கு முன்னாடி பாத்ரூம் கட்டாயம். காது மெஷினைக் கழட்டினப்புறம் நீங்க சொல்றது அவங்களுக்குக் கேட்காது, அதனால எல்லாத்தையும் வெளியிலேயே சொல்லிப் புரியவைங்க. கழட்டுற பல்செட், புடவையில குத்தியிருக்கிற சேஃப்டி பின், தாயத்து, அரைஞாண் கயிறுல கோத்திருக்கிற உலோகம், இதையெல்லாம் ஒண்ணொண்ணா கேட்டுத் தொட்டுப் பார்க்கணும். 'ஒண்ணும் இல்லை'ன்னு மறதி உள்ளவர் சொல்றதை மட்டும் நம்பி உள்ளே அனுப்பாதீங்க. கூட வந்தவரையும் ஒரு தடவை கேளுங்க.

அசைவு ஏன் இவ்வளவு முக்கியம்னா, லேசா தலை ஆடினாலே டி1 படத்துல சாம்பல் பொருள் குறைஞ்ச மாதிரி தெரியும். கண்ணுக்குப் படம் நல்லாத்தான் இருக்கும். நோய் முத்தினவங்கதான் அதிகம் அசைவாங்க. அப்போ 'கன அளவு குறைவு, பலன் குறைவு'ன்னு ஒரு தொடர்பு தானா முளைச்சிடும், அதுக்குக் காரணம் மூளையா இருக்காது, கழுத்தா இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அசைவு மதிப்பெண் போடுங்க, நோயாளி விவரம் தெரியாத ஒருத்தர் போடணும். வளையம் வளையமா கோடு தெரிஞ்சா அப்பவே திரும்ப எடுங்க.

மைனெர்ட் பகுதிக்கு வருவோம். கொரோனல்ல ஆன்டீரியர் கமிஷர் தெரியுற வெட்டு, குளோபஸ் பாலிடஸுக்குக் கீழே. சில மி.மீ. தடிமன்தான், அதனால 1 மி.மீ. வாக்ஸல்ல (படத்தோட மிகச்சிறு கனசதுரம்) ஓரம் எல்லாம் கலந்துபோகும். ஃப்ரீசர்ஃபர் மென்பொருளோட வழக்கமான வால்யூம் பட்டியல்ல இந்தப் பகுதி தனியா வராது. எஸ்பிஎம் 12 அல்லது கேட் 12 மென்பொருள்ல சாம்பல், வெள்ளைப் பொருளா பிரிச்சு, யூலிஷ் அட்லஸ்ல இருக்கிற சிஎச்4 (மைனெர்ட் பகுதி) வரைபடத்தை மேல வெச்சு, அதுக்குள்ள விழுற சாம்பல் பொருளைக் கூட்டுறதுதான் வழக்கம்.

இங்க மூணு இடத்துல தப்பு வரும். வென்ட்ரிக்கிள் (மூளைநீர் அறை) பெரிசா இருக்கிற வயசான மூளையை இளைஞர் டெம்ப்ளேட்டோட (மாதிரி மூளைப் படம்) பொருத்தினா வரைபடம் வழுக்கி வென்ட்ரிக்கிள் பக்கம் போயிடும். உங்க நோயாளிகளை வெச்சே டார்ட்டெல் முறையில டெம்ப்ளேட் செஞ்சுக்கோங்க, அப்புறமும் 60 படத்தையும் கண்ணால பாருங்க. ரெண்டாவது, ரத்தக்குழாயைச் சுத்தி நீர் நிறைஞ்ச இடைவெளி பெரிசாகுறது சரியா இந்த இடத்துலதான், ஆன்டீரியர் கமிஷர் பக்கத்துல. மென்பொருள் அதை மூளைநீர்னு கணக்கு பண்ணி கன அளவைக் குறைச்சுக் காட்டும். டி2-ல பார்த்தா பளிச்சுன்னு தெரியும். மூணாவது, வெள்ளைப் பொருள் புண்கள் டி1-ல கறுத்துத் தெரியறதால சாம்பல் பொருளா எண்ணப்படும். ஃப்ளேர்ல அடையாளம் போட்டு நிரப்பிட்டுத்தான் பிரிக்கணும்.

மண்டையோட்டுக் கொள்ளளவை வெறுமனே வகுக்காதீங்க, ரிக்ரஷன்ல போடுங்க. ஆய்வு முடியுற வரைக்கும் ஸ்கேனர் மென்பொருளை அப்கிரேட் பண்ண விடாதீங்க, ஹெட் காயிலையும் மாத்தாதீங்க.


நினைவு_ஆய்வு:

இருவருக்கும் மிக்க நன்றி. தாமதத் தொடக்கம் எங்கள் குழுவில் ஒப்புக்கொள்ளக்கூடியதுதான். 720 என்ற எண் மலைக்க வைக்கிறது, அதைப் பற்றி யோசிக்கிறேன். எஃப்எம்ஆர்ஐ பற்றி யாராவது சொல்ல முடியுமா? கன அளவைவிட, செயல்பாடு மருந்துக்கு இன்னும் நெருக்கமான குறி இல்லையா?


சிற்றலை:

நெருக்கம்தான், ஆனால் ஆடும். டாஸ்க் எஃப்எம்ஆர்ஐ-யின் மறுசோதனை நம்பகத்தன்மையைத் தொகுத்துப் பார்த்த 2020 மெட்டா ஆய்வில் சராசரி ஐசிசி (1 என்றால் முழு ஒற்றுமை) 0.397 மட்டுமே. இன்றைக்கு எடுத்ததும் அடுத்த வாரம் எடுத்ததும் ஒரே ஆளிடம் அவ்வளவு வேறுபடும் என்றால், ஆளுக்கு ஆள் முன்கணிக்க அது எப்படி உதவும்? அதோடு எஃப்எம்ஆர்ஐ அளப்பது ரத்த ஓட்டத்தின் எதிரொலியை. வயதான ரத்தக்குழாய் விறைப்பாக இருக்கும், காபி குடித்திருந்தால் மாறும், ரத்த அழுத்த மாத்திரையும் சேரும். எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மூச்சை அடக்கும் சோதனை ஒன்றைச் சேர்த்து, ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளந்து சரிக்கட்டுங்கள். காலைக் காபியை எல்லோருக்கும் ஒரே மாதிரி வையுங்கள்.

எஃப்எம்ஆர்ஐ-யை ஒரு மருந்தோடு உருப்படியாகக் கோத்த உதாரணம் டோனெபெசிலில் இல்லை, லெவெடிராசெட்டமில் இருக்கிறது. நினைவுக் குறைவோடு கூடிய எம்சிஐ (டிமென்ஷியா அளவுக்குப் போகாத லேசான அறிவாற்றல் குறைவு) உள்ளவர்களிடம், ஒன்றுபோலவே தோன்றும் படங்களைப் பிரித்துச் சொல்லும் சோதனையின்போது ஹிப்போகாம்பஸில் டென்டேட் கைரஸ், சிஏ3 பகுதி அளவுக்கு மீறி எரிகிறது. ஈடுகட்டும் முயற்சி என்று முன்பு நினைத்தார்கள். 2012-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, வலிப்புக்குக் கொடுக்கும் இந்த மருந்தை 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை கொடுத்து, அந்த அதிக எரிப்பு அடங்குவதையும் சோதனையில் விடை மேம்படுவதையும் காட்டியது. ஈடுகட்டும் முயற்சியாக இருந்திருந்தால், அடக்கியதும் நினைவு மோசமாகியிருக்க வேண்டும். 2015-இல் அளவை மாற்றிப் பார்த்தார்கள். 62.5-உம் 125-உம் வேலை செய்தன, 250 செய்யவில்லை. வலிப்புக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 3000 மில்லிகிராம் வரை போகும் மருந்து இது. பலன் ஒரு மேடு மாதிரி ஏறி இறங்குகிறது. இப்படிப்பட்ட மருந்தில் அளவைத் தவறாக எடுத்துவிட்டு 'படக்குறி உதவவில்லை' என்று எழுதுவது மிக எளிது.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மெதுவாகக் கரையும் 220 மில்லிகிராம் மாத்திரையை 78 வாரம் கொடுத்த பெரிய ஆய்வில் முதன்மை அளவான சிடிஆர் (டிமென்ஷியா தீவிர) மதிப்பெண்ணில் வித்தியாசம் வரவில்லை. 2021-இல் 34 அல்சைமர் நோயாளிகளிடம் 125 மில்லிகிராம் இருமுறை, நான்கு வாரம், பிளாசிபோவோடு மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்விலும் மொத்தத்தில் ஒன்றுமில்லை. ஆனால் இஇஜி, எம்இஜி (மூளையின் மின், காந்த அலை) பதிவில் வலிப்பு போன்ற மின்னலைகள் மறைவாக இருந்தவர்களிடம் ஸ்ட்ரூப் சோதனையும் வழி நினைவும் மேம்பட்டன. அந்தத் துணைக்குழு சிறியது, திரும்பச் செய்து பார்க்க வேண்டும். ஆனாலும் இந்த ஆய்வு என்னை ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. மருந்து எதை அடக்குகிறதோ அதையே அளந்தார்கள், ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டார்கள்.


முதியோர்_வார்டு:

மாத்திரை பக்கத்திலிருந்து சில விஷயம்.

டோனெபெசில் மூளையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையே பெட் ஸ்கேனில் (கதிரியக்கக் குறியை உடலில் செலுத்தி எடுப்பது) அளந்திருக்கிறார்கள். 2000-இல் வந்த முடிவு: புறணியில் நொதி சராசரியாக 27% தான் தடுக்கப்பட்டது. ரத்தச் சிவப்பணுவில் காணும் தடுப்பைவிட இது எவ்வளவோ குறைவு. ஆகவே 'மருந்து பிடிக்கவில்லை' என்றால் முதல் கேள்வி, மருந்து போய்ச் சேர்ந்ததா என்பது. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், அட்டையில் மிச்சத்தை எண்ணுங்கள்.

அடுத்தது அசிட்டைல்கோலினுக்கு எதிராக வேலை செய்யும் மாத்திரைகள். தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், சளிக்கு குளோர்ஃபெனிரமின், அரிப்புக்கு ஹைட்ராக்ஸிசின், நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில். இவற்றில் ஒன்று உள்ளே போய்க்கொண்டிருந்தால் ஒரு காலில் ஆக்ஸிலரேட்டரும் மறு காலில் பிரேக்கும் மிதிக்கிற கதை. இன்னும் மோசமானது ஒன்று உண்டு. டோனெபெசிலால் சிலருக்குச் சிறுநீர் அவசரம் வரும். அதை முதுமைக் கோளாறு என்று நினைத்து வேறொரு டாக்டர் ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார். உங்கள் ஆய்வில் அவர் 'பிடிக்காதவர்' ஆகிவிடுவார். வீட்டில் இருக்கும் மருந்துப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லிக் கொட்டிப் பாருங்கள், தொடக்கத்திலும் 12-ஆம் வாரத்திலும். பி12, தைராய்டு, மனச்சோர்வு முதலிலேயே பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிகிச்சையின் முன்னேற்றம் மருந்தின் கணக்கில் ஏறும்.

தொடங்கும் முன் ஈசிஜி அவசியம். நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இருந்தாலும், ஹார்ட் பிளாக் இருந்தாலும், மெட்டோப்ரொலால் போன்றது ஓடிக்கொண்டிருந்தாலும் யோசிக்க வேண்டும். மயங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் நினைவு மதிப்பெண்ணைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. கெட்ட கனவு வந்தால் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றுங்கள், நிறுத்த வேண்டாம்.

படத்தை வைத்து இந்த மருந்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கலாம் என்றால், என் அனுபவ அறிவு மைனெர்ட் பகுதியைக் காட்டாது, லூயி பாடி டிமென்ஷியாவை (லூயி பாடி எனும் புரதத் திரள்கள் மூளைச் செல்களில் சேரும் மறதி நோய்) காட்டும். அங்கே அசிட்டைல்கோலின் குறைவு அல்சைமரைவிட ஆழமானது, புறணிச் செல்கள் அவ்வளவாக அழிந்திருக்காது. மேயோ கிளினிக் 2012-இல் வெளியிட்ட ஆய்விலும் லூயி பாடி நோயாளிகளில் ஹிப்போகாம்பஸ் கன அளவு காக்கப்பட்டவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. எஃப்டிஜி பெட்டில் (மூளையின் சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) மூளையின் பின்பக்கப் பார்வைப் பகுதி மங்கி, பின் சிங்குலேட் மட்டும் தீவு போல் எரிந்தால் சந்தேகப்படுங்கள். ட்ரோடாட் ஸ்பெக்டில் (டோபமைன் நரம்புகளைக் காட்டும் ஸ்கேன்) ஸ்ட்ரையேட்டம் மங்கினால் உறுதி கூடும். 'அல்சைமர்' என்று நீங்கள் சேர்க்கும் 60 பேரில் இவர்கள் சிலர் கலந்திருந்தால், மொத்த முடிவையும் அவர்களே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.


எண்ணும்_எழுத்தும்:

டாக்டர் சொன்ன லூயி பாடி விஷயம் மருத்துவ ரீதியில் நியாயம்தான். ஆனால் ஹிப்போகாம்பஸ் காக்கப்பட்டவரிடம் பலன் கூடுதல் என்பதிலும் என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது: மருந்து இல்லாமல் அவர் எப்படி இருந்திருப்பார்?

படக்குறி உண்மையிலேயே மருந்தின் பலனைப் பிரித்துக் காட்டியதற்கு உதாரணம் டொனனெமாப். அது நினைவைக் கூட்டும் மருந்து இல்லை, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டுப் புரதத்தை அகற்றிச் சரிவைத் தாமதப்படுத்துவது. 2023-இல் வந்த பெரிய ஆய்வில் டௌ (அல்சைமரில் சேரும் இன்னொரு புரதம்) பெட் ஸ்கேனில் குறைந்த, நடுத்தர அளவு உள்ளவர்களிடம் முதன்மை அளவில் சரிவு 35% மெதுவானது. டௌ அதிகமானவர்களையும் சேர்த்தால் 22%. நம்ப முடிகிறது, ஏனென்றால் இரண்டு வகையினரிலும் பிளாசிபோ எடுத்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்று, படம் மாறுவதையே பலன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், அல்சைமரின் முன்நிலை என்று கருதப்பட்டவர்களிடம் டோனெபெசில் ஹிப்போகாம்பஸ் சுருங்கும் வேகத்தை ஒரு வருடத்தில் 45% குறைத்தது. நினைவுச் சோதனைகளில் வித்தியாசமே இல்லை.

60 பேரோடு செய்யக்கூடியது என்று நான் நினைப்பது: தாமதத் தொடக்கத்தோடு ஒரு முன்னோட்ட ஆய்வு. முடிவாக எதிர்பார்க்க வேண்டியவை மாற்றத்தின் திட்ட விலக்கம், இடைநிற்போர் எண்ணிக்கை, மைனெர்ட் அளவீட்டின் மறுசோதனை நம்பகத்தன்மை. ஆரம்ப நினைவுச் சோதனையை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை, வெவ்வேறு சொற்பட்டியலோடு எடுங்கள். முதல் முறை பழக்கத்துக்கு, இரண்டாவதுதான் அடிப்படை. பகுப்பாய்வை முன்கூட்டியே எழுதி, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவுசெய்துவிடுங்கள். இதே நெறிமுறையை நாலைந்து மையங்கள் எடுத்துக்கொண்டால் அந்த 720 எட்டாத தூரத்தில் இல்லை.


நினைவு_ஆய்வு:

தலைப்பை மாற்றிவிட்டேன், 'முன்கணிப்பு' போய்விட்டது. லூயி பாடி அறிகுறிகளைத் தனிப் படிவமாகச் சேர்க்கிறேன். ஸ்கேன்_மேஜை அவர்களிடம் கடைசியாக ஒன்று: மறுசோதனைக்கு ஒரே அமர்வில் இரண்டு முறை எடுத்தால் போதுமா?


ஸ்கேன்_மேஜை:

போதாது. படுத்த படுக்கையில ரெண்டு தடவை எடுத்தா தலை அதே கோணத்துலதான் இருக்கும், நம்பர் பொய்யா அழகா வரும். மேஜையை வெளியே இழுத்து, எழுப்பி உக்கார வெச்சு, கொஞ்சம் நடக்கவிட்டு, திரும்பப் படுக்க வெச்சு, வெட்டுக்கோணத்தைப் புதுசா போட்டு எடுங்க. இதை 10 பேருக்காவது அதே நாள்லயும், இன்னொரு 10 பேருக்கு ரெண்டு வாரம் கழிச்சும் செய்ங்க. ரெண்டு வாரம் கழிச்சு வரும்போது அதே நேரத்துக்கு வரச் சொல்லுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு எடுத்தா உடம்புல இருக்கிற தண்ணி அளவே மூளைக் கன அளவை லேசா மாத்தும். நீங்க தேடுற வித்தியாசமும் அந்த லேசுக்குள்ளதான் இருக்கு.